உங்களுக்குத் திகதி சொன்னவள்

இன்று காலை உங்கள் கொம்பியூட்டர் மறுபடியும் சிவந்துவிட்டது. 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்ற அதே பழைய எச்சரிக்கைதான். கணவனை இழந்தவள் ஒதுங்கியிருக்கும் இத்தாவில் நான் இருக்கும் அறையிலிருந்து அந்தத் திரை தெரியாது. ஆனால் மகள் "சீ!" என்று கதிரையைப் பின்னால் தள்ளிய சத்தத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. நீங்களும் அப்படித்தான் தள்ளுவீர்கள். யா அல்லாஹ், முன்னறையில் நீங்கள்தான் இருக்கிறீர்கள் என்று ஒரு நொடி எழும்பியே விட்டேன்.

பல்கலைக்கழகப் பதிவுக்கு இன்று கடைசி நாள். தவறினால் பிள்ளைக்குக் கிடைத்த இடம் போய்விடும். போனில் பதிவுப் பக்கம் பாதியில் நின்றுவிடுகிறதாம். அதனால்தான் நீங்கள் மௌத்தான பிறகு யாரும் தொடாத மெஷினைத் துடைத்துவிட்டு அதன் முன் உட்கார்ந்திருந்தாள்.

அந்தச் சிவப்பு உங்களுக்குப் புதிதல்ல. மெஷினுக்குள் இருக்கும் பொத்தான் அளவு பெட்டரி செத்துப் பல காலம். இடிக்குப் பயந்து இரவில் பிளக்கைக் கழற்றிவிடுவீர்கள். காலையில் போட்டால் அது ஏதோ ஒரு பழைய வருஷத்தில் போய் நிற்கும். திகதி பிழை என்றால் எந்த இணையப் பக்கத்தையும் அது நம்பாது. ஒரு பெட்டரி வாங்கித் தொலையுங்களேன் என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்!

"நீ இரிக்கக்குள்ள பெட்டரி என்னத்துக்கு?" என்பீர்கள். பிறகு அடுப்படி வரைக்கும் கேட்க, "புள்ள, இண்டைக்கு என்ன திகதி?"

நான் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வெட்டிக்கொண்டே சொல்வேன். நீங்கள் மாற்றுவீர்கள், சிவப்பு போய்விடும். கோபமான நாட்களில் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டிருப்பேன். தலைக்கு மேலே கலண்டர் தொங்கும். அதை நிமிர்ந்து பார்க்காமல் திரும்பத் திரும்ப என்னைத்தான் கேட்பீர்கள். பொல்லாத மனுஷன் நீங்கள்.

உங்களிடம் ஒன்லைனில் விண்ணப்பம் போட்டுத்தரச் சொல்லி வந்த குறிஞ்சிப்பிட்டி வெங்காயக்காரர் ஒருநாள் உங்களை அண்ணன் முறை வைத்து அவசரப்படுத்தினார். "கீழ ஒரு இடத்துல அமத்தினா உள்ள போகலாம் நானா. ஒண்டும் ஆகாது."

"ஆர்ட வாசலெண்டு தெரியாம உங்கட கடவுச்சொல்லக் குடுக்க ஏலுமா? மொதல்ல நம்மட திகதியப் பாப்பம். அதுக்குப் பொறகும் சிவப்பு வந்தா, திரும்பி வந்துருவம்" என்றீர்கள். அவர் முணுமுணுத்தார். அவருக்குத் தேத்தண்ணி போடச் சொல்லி என்னை அனுப்பினீர்கள்.

இன்று மகளுக்கும் அதே அவசரம். "உம்மா, கீழ அமத்தி உள்ள போகட்டா?"

"வேணாம். வாப்பா செய்ற மாதிரி மொதல்ல திகதியப் பாரு."

கதிரையை முன்னுக்கு இழுத்தாள். பிறகு முன்னறையிலிருந்து வந்தது: "உம்மா, இண்டைக்கு என்ன திகதி?"

கையில் போன் இருந்தும் கேட்டாள். இந்த வீட்டுப் பழக்கம் அது. அந்த 'என்ன'வை இழுக்கும் இழுவைகூட உங்களுடையதுதான். கேட்டதும் யோசிக்காமல் பதில் சொன்னேன்.

விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. "இன்னும் சிவப்பாத்தான் இரிக்கி" என்றாள். கொஞ்சம் கழித்து எழும்பி வந்து, அறை வாசலில் நின்று மெதுவாகச் சொன்னாள்: "உம்மா, நீங்க சொன்னது வாப்பா மௌத்தான நாள்."

வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அன்று காலையும் நீங்கள் திகதி கேட்டீர்கள், நான் சொன்னேன். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு என்னிடம் யாரும் திகதி கேட்கவில்லை. மாதங்கள் போயும் என் வாயில் அதுவேதான் நின்றிருக்கிறது.

பிள்ளை போனைப் பார்த்துத் தானே போட்டிருக்கலாம். போடவில்லை. வாசலிலேயே நின்று, "சரியாச் சொல்லுங்க உம்மா" என்றாள். அழுதுகொண்டிருந்தாள்.

சொன்னேன். நீங்கள் இல்லாத ஒரு நாளின் பெயரை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. உங்களை நானே இன்னொரு தடவை அடக்கம் செய்தது போல இருந்தது. பக்கம் திறந்தது. பதிவும் முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

படிக்கப் போகும்போது மெஷினையும் கொண்டுபோகிறாளாம். புத்தளம் டவுனில் கொடுத்துப் புதுப் பெட்டரி போடுவாளாம். போடட்டும். நாளைக் காலையும் நான் இந்த அறையிலிருந்தே சத்தமாகத் திகதி சொல்லத்தான் போகிறேன். கேட்க நீங்கள் இல்லையென்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்வேன்.