ஏகாம்பரத்தின் துப்பாக்கி திரும்பிப் போகவில்லை

என் உயிரோடு கலந்த வீட்டுக்காரருக்கு ஸலாம்.

நீங்கள் அடங்கியிருக்கிற கபருஸ்தான் வாசலோடு பெண்பிள்ளைகள் நின்றுவிட வேண்டும் என்பது நம் ஜமாத்தில் வழக்கம். பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொல்ல முடியாததால் எழுதுகிறேன். நீங்கள் கதைப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற ஆள். அதனால் சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஏகாம்பரத்தின் துப்பாக்கி அவன் கைக்குத் திரும்பிப் போகவில்லை. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்!

ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கும்போதுகூட, "மும்தாஜ், அந்த ஏகாம்பரம் பேப்பர் என்னடி ஆச்சு?" என்றுதானே கேட்டீர்கள்? "பிள்ளைங்க பேரைச் சொல்லிக் கூப்பிடாம எவனோ ஒருத்தன் பேப்பரைக் கேக்கறீங்களே" என்று எரிந்து விழுந்தேன். அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனால் உங்களுக்கு என் வாய் தெரியும்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். மற்றவர்களும் படிக்கட்டும் என்று இதை வெளியில் கொடுக்கப்போகிறேன். அவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரார் பெயர்களை மாற்றிவிட்டேன்.

தாம்பரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் தமிழ் டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு மனு தட்டிக் கொடுப்பது என் வீட்டுக்காரர் பஷீரின் தொழில். எந்த மனுவானாலும் கார்பன் வைத்து இன்னொரு காப்பி எடுப்பார். மனு கொடுத்தவர்கள் ஸ்டேஷனில் வாங்கி வரும் ரசீதைக் காட்டச் சொல்லி, அதன் எண்ணைக் காப்பியின் மூலையில் பென்சிலால் குறித்துக்கொள்வார். வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டுக் கட்டாக அடுக்குவார். 'நிலம்' ஒரு கட்டு, 'குடிநீர்' ஒரு கட்டு. இன்னொரு கட்டின் மேல் 'திரும்பி வருவார்கள்' என்று எழுதியிருக்கும். பிரச்சினை தீராமலே சமாதானமாகிப் போனவர்களின் காகிதம் எல்லாம் அதில்தான். "இது வீடா, பழைய பேப்பர் கடையா?" என்று நான் கேட்காத நாள் கிடையாது.

ஏகாம்பரம் நகைக்கடை வாசலில் ரெட்டைக்குழல் துப்பாக்கியோடு நிற்கிற காவலாளி. துப்பாக்கி அவனுடையதே, லைசென்ஸோடு. சாப்பாட்டு நேரத்தில் கேலி செய்தான் என்று கூட வேலை செய்த விற்பனைப் பையனின் நெஞ்சில் குழலை வைத்தான். அந்தப் பையனுக்கு நீங்கள்தான் மனு தட்டினீர்கள். கடைக்காரர் பெயர் கெட்டுவிடும் என்று வழக்கு வேண்டாமென்றார். 'நல்ல நடத்தை' என்று கடிதமும் கொடுத்து ஏகாம்பரத்தை அனுப்பிவைத்தார். அடுத்த வருஷம் அவன் மனைவி வசந்தா வந்தாள். பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துத் துப்பாக்கியை நீட்டினான் என்று காலையில் மனு கொடுத்தாள். 'புருஷன் பெண்டாட்டி சண்டை' என்று ஸ்டேஷனில் சொல்லி அனுப்ப, சாயங்காலம் அவளே திரும்பி வந்து சமாதானக் கடிதம் கேட்டாள். அதையும் நீங்களே தட்டினீர்கள்.

மூன்றாவதாக வந்தவன் ஏகாம்பரமே. லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டுமாம். தங்கமாகப் பேசினானாம், டீ வாங்கிக் கொடுத்தானாம். 'என் மீது எந்தக் காவல் நிலையத்திலும் புகாரோ வழக்கோ இல்லை' என்று அவன் சொல்லச் சொல்ல நீங்கள் தட்டினீர்கள். வீட்டுக்கு வந்து காப்பிகளை அடுக்கும்போதுதான் ஒரே பெயர், ஒரே தகப்பன் பெயர் என்று கண்ணில் பட்டது. அன்றைக்கு உங்கள் முகம் போன போக்கு இன்னும் எனக்கு மறக்கவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன்டி மும்தாஜ். இல்லைன்னு என் கையாலேயே தட்டிட்டேன்."

மறுநாளே ஓடினீர்கள். கடை ஒரு ஸ்டேஷன் எல்லையில், வீடு இன்னொன்றில், லைசென்ஸ் கோவிலம்பாக்கம் பக்கம் இருந்த அவன் அம்மா வீட்டு விலாசத்தில், அது மூன்றாவது. மூன்று இடத்திலும் ஒரே கேள்விதான். "பாய், நீங்க மனுதாரரா, மனு தட்டறவரா? தட்டறவருக்கு இன்னாத்துக்கு இந்த வேலை?" லைசென்ஸும் புதுப்பித்து வந்துவிட்டது. அதற்கப்புறம் எங்கேயாவது துப்பாக்கிச் சூடு என்று டி.வி.யில் சொன்னால் போதும், சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு அவன் பெயர்தானா என்று பார்ப்பீர்கள். எத்தனை வருஷம் அப்படிப் பயந்து செத்தீர்கள்?

சரி, இனிமேல் புதுக்கதை. இத்தா முடிந்து ஒன்பதாம் நாள். புருஷனை இழந்தவளுக்கு விதித்த நாலு மாதம் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டு, வாசற்படி தாண்டுவதற்கே கால் கூசிக்கொண்டிருந்தது. பழைய பேப்பர்காரரை வரச் சொல்லி உங்கள் கட்டுகளைக் கூடத்தில் இறக்கி வைத்திருந்தேன். ஆமாம், போடத்தான் இருந்தேன், திட்டாதீர்கள். கதவு தட்டும் சத்தம் கேட்டது. பேப்பர்காரர்தான் என்று திறந்தால் வெயிலில் வெந்துபோய் ஒரு பெண்.

"டைப் அடிக்கிற சார் கீறாரா அக்கா?"

"அவர் இல்லைம்மா. போய்ச் சேர்ந்து நாலு மாசத்துக்கு மேல ஆச்சு."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, அவரு ஒர்த்தருக்குத்தான் என் கதை முழுசும் தெரியும்" என்று அழுதாள். பேரைக் கேட்டால், வசந்தா!

அவள் ஏகாம்பரத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு மாடம்பாக்கத்தில் தம்பி வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறதாம். தம்பிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். எலெக்சன் என்பதால் லைசென்ஸ் துப்பாக்கியையெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லியிருந்தார்கள் அல்லவா, அவனும் ஒப்படைத்திருந்தான். ஓட்டு எண்ணி முடிந்தாயிற்று. வெள்ளிக்கிழமை எல்லோரும் ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

"டீக்கடைல குந்திகினு சொல்லிகீறாங்க்கா. வெள்ளிக்கெழம சாமான் கைக்கு வந்துடுமாம். மணமேடைலேர்ந்து பந்தி வரைக்கும் ஒர்த்தனையும் வுட மாட்டானாம். ஸ்டேஷன்ல சொன்னா, குடிச்சிட்டு ஒளறுவான், அவன் மேல ஒரு கேஸும் இல்லியேன்றாங்க."

அன்றைக்குப் புதன்கிழமை. கூடத்தில் கிடந்த 'திரும்பி வருவார்கள்' கட்டை அவிழ்த்தேன். நாலு காகிதமும் ஒன்றன்மேல் ஒன்றாக, குண்டூசி குத்தி இருந்தன. பையன் மனு, அவள் மனு, சமாதானக் கடிதம், லைசென்ஸ் மனு. என் மாமனார் பெற்ற பிள்ளையே, அந்த நேரத்தில் உங்களை நினைத்து ஓவென்று அழுதேன்.

இத்தா முடிந்து நான் முதலில் போன இடம் தர்காவும் இல்லை, அம்மா வீடும் இல்லை. போலீஸ் ஸ்டேஷன்! துப்பாக்கியை வாங்கி வைத்திருந்த அதே மூன்றாவது ஸ்டேஷனுக்கு வசந்தாவைக் கையோடு இழுத்துக்கொண்டு போனேன். ஸ்டேஷன் எழுத்தர் நாலு காகிதத்தையும் புரட்டிப் பார்த்தார். "கார்பன் காப்பிக்கெல்லாம் மதிப்பு இல்லம்மா. கையெழுத்து இல்ல, சீல் இல்ல. எங்க ரெக்கார்டுல அவர் மேல ஒண்ணும் இல்ல. நீங்க மனுதாரருக்கு என்ன வேணும்?"

அதே கேள்வி! உங்களை மூன்று இடத்தில் வாயடைக்க வைத்த கேள்வி. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ!

"நான் தட்டினவரோட பொண்டாட்டி. மனுதாரர் இதோ நிக்கிறா. எலெக்சன்னா துப்பாக்கி ஆபத்துன்னு உங்களுக்கே தெரிஞ்சு வாங்கி வெக்கறீங்க. ஓட்டுப்பெட்டிக்குக் குடுக்கற பாதுகாப்ப ஒரு பொம்பளைக்கும் புள்ளைங்களுக்கும் குடுக்க மாட்டீங்களா? மூலையில பென்சில்ல என்ன எழுதியிருக்குன்னாவது பாருங்க சார்!"

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார், புதிதாக மாறி வந்தவர். காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது மனு ரசீது நம்பராச்சே. யார் குறிச்சது?" என்றார். "எங்க வீட்டுக்காரர்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு இருந்த பெருமையை எப்படி எழுதுவது?

இரண்டே போன். அந்த இரண்டு ஸ்டேஷனுக்கும் எண்ணைச் சொன்னார், பதிவேட்டைப் புரட்டச் சொன்னார். இருந்தது! இரண்டு புகாரும் இருந்தன, ஓரத்தில் 'சமாதானம்' என்று எழுதி. ஒரு பஸ் தூரத்தில் இருக்கிற மூன்று ஸ்டேஷன். இந்த இரண்டு போனை இத்தனை வருஷமாக ஒருவருக்கும் போடத் தோன்றவில்லை. பொய் சொன்னவன் ஏகாம்பரம். அதைச் சரிபார்க்க வேண்டியவர்கள் அவர்கள். நீங்கள் ஏன் அந்தப் பழியைத் தலையில் சுமந்துகொண்டு போனீர்கள்?

எழுத்தர் தலை குனிந்துகொண்டார். "உக்காரும்மா, தண்ணி குடி" என்று வசந்தாவுக்கு நாற்காலி போட்டார். லைசென்ஸ் பிரிவுக்கு அன்றே அறிக்கை போயிற்று. வெள்ளிக்கிழமை காலையில் ஏகாம்பரம் தலை வாரி, சட்டை மடிப்புக் கலையாமல், ரசீதோடு வந்து நின்றானாம். துப்பாக்கி தரவில்லை. டீக்கடைக்காரர் சாட்சி சொல்ல, கொலை மிரட்டலுக்கு அவனை உள்ளே வைத்தார்கள். அம்மா வீட்டுப் பரணில் இரண்டு பெட்டித் தோட்டா இருந்ததாம். குடித்துவிட்டு உளறினவனா அவன்?

கல்யாணத்துக்குப் போனேன். மாப்பிள்ளை மண்டபத்துக்குள் நுழையும்போது வாசலில் சரவெடி வெடித்தார்கள், பாருங்கள்! வசந்தா பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவள்மேல் விழுந்தேன். ஒரு நிமிஷம் கழித்து இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பில் நாதஸ்வரக்காரரே திரும்பிப் பார்த்தார். பந்தியில் இரண்டு தடவை பாயசம் வாங்கினேன். சர்க்கரை கூடியிருக்கும், தெரியும். அன்றைக்கு ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

பேப்பர்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கட்டுகள் பழையபடி பரணில் ஏறிவிட்டன. வசந்தா காகிதங்களை மட்டும் 'திரும்பி வருவார்கள்' கட்டிலிருந்து எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன். அந்தக் கட்டில் இன்னும் நாற்பது ஐம்பது பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவராகத் தேடிப் போய், "இப்ப எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறேன். வசந்தாவும் கூட வருகிறாள்.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். நம் வீட்டுக் கதவைத் தட்டி "சார் இருக்காரா" என்று இனி யார் கேட்டாலும், "இல்லை" என்ற ஒரு சொல்லோடு அவர்களைத் திருப்பி அனுப்ப மாட்டேன். உள்ளே கூப்பிட்டு உட்காரவைப்பேன். அந்தச் சொல்லை ஒரு தடவை தட்டினதற்கு நீங்கள் பட்ட பாடு போதும்.

வாய் இன்னும் குறையாத,
உங்கள் வீட்டுக்காரி
மும்தாஜ்