கல்லறைச் சுவரைப் பற்றி நாலு பத்தி

நவம்பர் 12, செவ்வாய்

கோபம் இன்னும் அடங்கவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் ஒருவருக்காகவே நடக்கும் ஆய்விதழுக்குக் கட்டுரை எழுதியிருந்தேன். கல்லறைத் தோட்டத்தில் சாதி பிரித்துக் கட்டிய சுவரை இடிக்கச் சொல்லி அவர் எழுதினார். அதற்காகச் சபை அவரை விலக்கி வைத்தது. இதைப் பற்றி நாலு பத்தி என் கட்டுரையில் இருந்தது. அச்சுக்குப் போகும் பிரதி இன்று வந்தது. நாலு பத்தியும் இல்லை. "சபையோடு அவருக்குச் சில கருத்து வேறுபாடுகள் இருந்தன" என்று ஒரே வரி. கீழே என் பெயர்.

இங்கே டெல்லி கரோல் பாக்கில் இருக்கும் இதழாசிரியர் வீட்டுக்கே போனேன். டீ கொடுத்தார்.

"டெல்லியில உட்கார்ந்துக்கிட்டு அந்தப் பழைய கதை எதுக்கும்மா? படிக்கிறவங்க மனசு புண்படும்."

"எங்க அப்பாவைப் போன வருஷம் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம், எங்க சாதிக்கு ஒதுக்கின இடத்துலதான் சார் அடக்கம் பண்ணோம்."

டீயை என் பக்கம் நகர்த்தினார். "அச்சா, அப்ப உங்க பேரை எடுத்துடறேன். கட்டுரை இப்படியே போகட்டும்."

என் பெயர்தான் பிரச்சினை என்று நினைத்துவிட்டார். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். டீயைத் தொடவில்லை.

வீட்டில் மகளுக்குத் தமிழ் படிக்க வராது. "என்ன எழுதினே மம்மி?" என்றாள். வெட்டிய நாலு பத்தியையும் உரக்கப் படித்துக் காட்டினேன்.

"அந்தச் சுவர் இப்பவும் இருக்கா?"

"இருக்கு. தாத்தாவைக் கொண்டுபோனப்ப புதுசா வெள்ளையடிச்சிருந்தாங்க."