மீட்டருக்குத் தெரிந்த கைச்சூடு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை மறந்துவிடாதே.

மீட்டர்களைச் சரிபார்க்கும் எங்கள் ஆய்வகத்தில், முள் வைத்த பழைய கருவியை எடுத்துவிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்கும் இரண்டு மின்னழுத்தமும் சமமானால் அதன் முள் நடுவே பூஜ்யத்தில் நிற்கும், வேலை முடிந்தது. இப்போது வந்திருக்கும் டிஜிட்டல் மீட்டரில் எட்டு இலக்கங்கள். கடைசி இரண்டும் நிற்கவே மாட்டேன் என்கின்றன. எதைப் பூஜ்யம் என்று எழுதுவது? முழித்தேன். வயரைக் கழற்றி மாட்டினால் எண் இன்னும் ஏறியது. மீட்டர் கெட்டுவிட்டது என்று மேலதிகாரியைக் கூப்பிட்டேன்.

"மீட்டர் நல்லாத்தாம்மா இருக்கு. நீங்க தொட்ட வயர் முனை சூடானா அங்க துளி மின்னழுத்தம் வரும், உங்க கைச்சூடுதான் அதுல தெரியுது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்று சிரித்தார்.

காய்ச்சல் இல்லை, பயப்படாதே. தள்ளி நின்றதும் எண் மெல்ல இறங்கியது. இந்த ஊருக்கு வந்து இத்தனை மாதத்தில் என் கைச்சூட்டைக் கவனித்தது அந்த மீட்டர் ஒன்றுதான். அதைப் போய்க் கெட்டுவிட்டது என்றேனே! சிரிப்பதா, அழுவதா, இன்னும் புரியவில்லை.

பருத்தித் துணியில் இரண்டு ஜோடி கையுறை தைத்து அனுப்பேன். இங்கே கடையிலும் கிடைக்கும்தான். அளவுக்கு உன் கையையே வைத்துக்கொள். அனுப்பும் முன் ஒரு தடவை மாட்டிப் பார்.

பஸ் வந்துவிட்டது.

உன் மகள்