மடிக்கிற கூடாரம்

மோர்னிங்சைட், ரொறன்ரோ

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

"காம்புக்குப் போறன்" என்று போனில் சொன்னதும் அழுதுவிட்டீர்கள். சண்டை முடிந்ததும் வீட்டுக்குப் போகவிடாமல் கம்பிவேலிக்குள் நாங்கள் அடைபட்டுக் கிடந்த செட்டிகுளம் காம்ப் மாதிரி இல்லையம்மா, இது உல்லாசம். என்னோடு வேலை செய்யும் அகஸ்ரின் அண்ணையிடம் ஐம்பது வருசப் பழைய பெட்டிவண்டி இருக்கிறது. காரில் இழுத்துப்போய் விரித்தால் கட்டில், அடுப்போடு கூடாரமாகிவிடும். ஹோட்டலுக்கு வசதியில்லாத குடும்பங்களுக்காக அந்த நாளில் செய்ததாம். இப்போது ஆசைக்குத் தேடி வாங்குகிறார்கள்.

போன சனி அண்ணையோடு போனேன். மத்தியானம் மழை. கூரைத்துணியில் சத்தம் கேட்டதும், செட்டிகுளத்தில் போல வெள்ளம் வரப்போகிறதென்று பைகளையெல்லாம் கட்டிலில் தூக்கி வைத்துவிட்டேன். அண்ணை சிரித்தார். "உதுக்குள்ள தண்ணி வராது, றொய்சன்."

உங்கள் பழைய சேலை ஒன்று அனுப்புங்கள், போர்க்க. வேலைக்குப் போகிற பஸ் வருகிறது, மிச்சத்தை ஏறியிருந்து எழுதுகிறேன்.

ஞாயிறு பின்னேரம் அண்ணை கூடாரத்தை மடித்துப் பூட்டினார். "சரி, வீட்டை போவம்" என்றார். அவ்வளவு லேசாகச் சொன்னார், அம்மா.

மகன்,
றொய்சன்