நான் பார்க்காத கல்லூரிகள்

ஏப்ரல் 4

பத்திரிகை ஆசிரியர் இன்று காலையிலேயே ஆரம்பித்துவிட்டார். "மேடம், நம்ம பத்து காலேஜ் எப்போ வரும்?"

நம்ம பத்து காலேஜ் என்றால் 'அதிகம் பேசப்படாத பத்து நல்ல கல்லூரிகள்'. எங்கள் கல்வி இணைப்பிதழில் ஆண்டுதோறும் மே முதல் வாரம் வரும் கட்டுரை. பெரிய கல்லூரிகளில் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு இப்படியும் வழி இருக்கிறது என்று சொல்ல, நானே கேட்டு வாங்கித் தொடங்கியது. அப்போது என்ன வேகம்! எட்டு வருடம் ஆயிற்று. இப்போது அந்தக் கோப்பைத் திறந்தாலே கொட்டாவி வருகிறது.

மகள் பிளஸ் டூ கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு வந்து சீருடையோடே படுத்துவிட்டாள். பார்க்கப் பொறாமையாக இருந்தது.

ஏப்ரல் 7

நான்கு கல்லூரிகள் எழுதியாயிற்று. நான்கிலும் 'அமைதியான சூழல்'. ஒன்றின் பெயரை எடுத்து இன்னொன்றின் மேல் ஒட்டினாலும் யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது.

ஏப்ரல் 9

மதியம் ஒரு பெண் போன் செய்தாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய பட்டியலைப் படித்துவிட்டு, அதில் ஆறாவதாக இருந்த கல்லூரியில் வேதியியல் சேர்ந்தவளாம். நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்துகூட உட்கார்ந்தேன்.

"மேடம், நீங்க அந்தக் காலேஜுக்குப் போயிருக்கீங்களா?"

"இல்லம்மா. போன்ல விசாரிச்சுத்தான்…"

"ரெண்டு வருஷமா லேப் பூட்டியே இருக்கு மேடம். ஒரு நாள்கூடத் திறக்கல. நீங்க எழுதினதைக் கத்தரிச்சு அப்பாகிட்ட காட்டி, சண்டை போட்டுச் சேர்ந்தேன். 'நவீன ஆய்வகம்'னு எழுதியிருந்தீங்க."

எழுதியிருந்தேன். அவர்கள் அனுப்பிய விளம்பரப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. அவள் கத்தவில்லை. "சும்மா கேக்கணும்னு தோணுச்சு" என்று வைத்துவிட்டாள்.

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் சாயங்காலத்துக்குள் மறந்திருப்பேன்.

ஏப்ரல் 10

நேரில் பார்க்காமல் இந்த வருடம் ஒரு வரி எழுதமாட்டேன் என்று ஆசிரியரிடம் சொன்னேன். மனிதர் முன்பு விளையாட்டுப் பக்கம் பார்த்தவர்.

"நான் பார்க்காத மேட்ச் எத்தனை எழுதியிருக்கேன் தெரியுமா? ஸ்கோர் சரியா இருந்தா போதும் மேடம்."

"இதுல ஸ்கோரே தப்பா இருக்கு சார்."

"லீவு போட்டுப் போங்க. யாரு வேணாம்னா?"

போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 13

முதலில் அந்த ஆறாவது கல்லூரி. முதல்வர் பிஸ்கட் கொடுத்தார். ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும் என்றதும் அவர் முகம் மாறியது. சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருக்கிறாராம். எப்போது வருவார்? சொல்ல முடியாதாம்.

நான் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கருவிகள் இருந்தன. எல்லாமே வந்த பிளாஸ்டிக் உறையோடு, பிரிக்கப்படாமல். மேசைமேல் தூசி.

அந்தப் பெண்ணை வாசலில் சந்தித்தேன். சின்ன உருவம், பெரிய கண்ணாடி. எதிர்க்கடையில் டீ குடித்தோம். "நானும் சேர்றதுக்கு முன்னாடி வந்து பார்த்திருக்கலாம்ல மேடம்" என்று எனக்குச் சமாதானம் சொல்கிறாள்! பதினெட்டு வயதில் அவளுக்கு என்ன தெரியும்? எனக்கு என்ன கேடு? இதுதானே என் வேலை?

ஏப்ரல் 16

இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தால், கல்லூரியை மூடி ஒரு வருடம் ஆகிவிட்டதாம். மைதானத்தில் டிரைவிங் ஸ்கூல் நடக்கிறது. ஓர் அம்மா காரைப் பின்னுக்கு எடுத்து எடுத்துக் கம்பத்தில் இடித்துக்கொண்டிருந்தார். போன வருடம் 'விசாலமான விளையாட்டு மைதானம்' என்று நான் எழுதியது இதைத்தான். சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

ஏப்ரல் 18

கால் வீங்கிவிட்டது. வீட்டில் இவர் ஒன்றும் கேட்காமல் வாளியில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருக்கமாட்டேன்.

ஏப்ரல் 21

இன்று பார்த்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

பஸ் கடைசி நிறுத்தம். சரக்கு ரயில் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இரண்டு மாடிக் கட்டடம், சுவரெல்லாம் மழைக்கறை. பார்த்ததும் அலுப்புதான் வந்தது. இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டே படியேறினேன்.

வேதியியல் வகுப்பில் பதினொரு பேர். ஒரு மாணவி கரும்பலகையில் பாடம் நடத்துகிறாள். பேராசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, "எனக்குப் புரியலையே, மறுபடி சொல்லு" என்று படுத்துகிறார். அந்தப் பெண் அழித்து அழித்து மூன்று முறை எழுதினாள். மூன்றாவது முறை எனக்கே புரிந்தது!

ஆய்வகம் சின்னது. மேசை முழுக்க அமிலக் கறை, குடுவைகளின் அடி கருகியிருந்தது. உள்ளே நுழைந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது: இந்த ஒன்பது நாளில் மூக்கைப் பிடிக்கவைத்த முதல் ஆய்வகம் இதுதான்.

படித்து முடித்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். பேராசிரியை ஒரு நோட்டை எடுத்துப் போட்டார். எல்லாருடைய போன் நம்பரும். "நீங்களே யாருக்காவது பேசுங்க. நான் வெளியில நிக்கிறேன்."

மூன்று பேரிடம் பேசினேன். ஒருத்தி மருந்துக் கம்பெனியில், ஒருத்தி பள்ளிக்கூடத்தில். மூன்றாமவனுக்கு இன்னும் வேலை இல்லை. அவன்தான் அதிக நேரம் பேசினான். "ரெண்டு பேப்பர் போச்சு மேடம். அவங்க விடல. ஞாயித்துக்கிழமை கூப்பிட்டு வச்சு நடத்தினாங்க."

கிளம்பும்போது கேட்டேன்: "இங்க என்ன குறை?"

"கூரை ஒழுகும். ஹாஸ்டல் தண்ணி உப்பு. கம்ப்யூட்டர் அரதப் பழசு. இதையும் எழுதுங்க."

"எழுதினா யார் வருவாங்க?"

"தெரியாம வர்றவங்க பாதியில போயிடுறாங்க. அதுதான் எங்களுக்குத் தாங்கல."

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. தூங்கவில்லை.

ஏப்ரல் 25

பத்து இல்லை, பார்த்ததில் தேறியவை மூன்றுதான். குறைகளோடு சேர்த்து எழுதினேன். மேலே ஒரு பத்தி: முந்தைய பட்டியல்களை நேரில் பார்க்காமல் எழுதினேன், நம்பிச் சேர்ந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று.

ஆசிரியர் படித்துவிட்டு, "இது கட்டுரையா, மன்னிப்புக் கடிதமா?" என்றார்.

"ரெண்டும்தான்."

"அந்தப் பத்தியை எடுத்துடலாம்."

"எடுத்தா கட்டுரையும் வேண்டாம் சார்." பரவாயில்லை, சொல்லிவிட்டேன்.

மே 3

வந்துவிட்டது. பத்தியைக் கத்தரித்து ஒரே வரியாக்கிவிட்டார்கள்: 'சென்ற ஆண்டுகளின் பட்டியல்கள் நேரில் பார்க்காமல் தயாரிக்கப்பட்டவை.' மன்னிப்பு என்ற சொல்லைக் காணோம். பொடி எழுத்து. என்றாலும் இருக்கிறது.

மகள் காப்பியோடு வந்து நின்றாள். "இந்த மூணுல என்னை எதுல சேர்ப்ப?"

அவளுக்காக நான் முதலில் நிரப்பியது ஊரிலேயே பெரிய கல்லூரியின் விண்ணப்பத்தைத்தானே? ஊருக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயமா?

மே 12

ஆறாவது கல்லூரிப் பெண்ணிடம் ரயில் பாதைக் கல்லூரியைப் பற்றிச் சொல்லியிருந்தேன். போனால் முதல் வருடத்திலிருந்து மறுபடி படிக்க வேண்டும். அவள் தயார். அவளுடைய அப்பா தயாரில்லை. தையல்காரர். இன்று அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"உங்க பேப்பரை நம்பி ரெண்டு வருஷம் போச்சு. இப்போ இன்னொரு காலேஜ் காட்டுறீங்களா? உங்க பொண்ணுக்குன்னா இப்படிப் பண்ணுவீங்களா?"

பக்கத்து மேசைகளில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"என் தப்புதாங்க. இந்தத் தடவை நான் சொல்றதையும் நம்பாதீங்க. நீங்களே போய்ப் பாருங்க. பிடிக்கலைன்னா விட்டுடுங்க."

திரும்பிப் போய்விட்டார்.

மே 20

தையல்காரர் போன் செய்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"பார்த்தேன். அந்தப் பிள்ளைங்க போட்டிருக்கிற வெள்ளைக் கோட்டெல்லாம் ஓட்டை."

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

"அமிலம் தெறிச்ச ஓட்டை. விசாரிச்சேன். தினமும் வேலை நடந்தாத்தானே அப்படி ஆகும்? சேர்த்துடறேன்."

போனை வைத்தபின் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 6

மகளையும் அழைத்துக்கொண்டு ரயில் பாதைக் கல்லூரி, பெரிய கல்லூரி இரண்டுக்கும் போய்வந்தேன். பெரியதில் ஒரு வகுப்பில் நூற்றிருபது பேர். பின்வரிசையில் மூன்று பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். "பார்த்தியா?" என்றேன்.

"பார்த்தேன்மா. எனக்குக் கூட்டம் பிடிக்கும். பதினொரு பேர்ல ஒளிஞ்சுக்கவே முடியாது." சிரிக்கிறாள். பெரியதிலேயே சேர்கிறாள். எனக்கு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் கொஞ்சம் வெட்கம்.

ஜூன் 19

கல்விக் கட்டுரைகளை இனி வேறொருவர் பார்ப்பாராம். எனக்குத் தேர்வு அட்டவணைப் பக்கம். தேதியும் மணியும். "உங்களுக்கும் ஓய்வா இருக்கும் மேடம்" என்றார் ஆசிரியர். உண்மைதான், களைத்துத்தான் போயிருக்கிறேன். ஆனாலும் சுருக்கென்றது.

ஜூலை 11

மதியம் போன். தையல்காரர் மகள். பின்னால் கண்ணாடிச் சாமான்கள் கிணுகிணுக்கிற சத்தம், யாரோ யாரையோ அதட்டுகிறார்கள்.

"மேடம், சித்தி வீட்டிலேருந்து தினம் பஸ்ல வர்றேன். நீங்க எழுதினதுல ஒரு தப்பு இருக்கு. காலை பஸ் ஏழரைன்னு போட்டிருக்கீங்க. ஏழு இருபதுக்கே எடுத்துடறான். நான் ரெண்டு நாள் விட்டுட்டேன்."

"அப்படியா?"

"அடுத்த வருஷம் யாராவது வருவாங்கல்ல, மாத்திடுங்க. சரி, வச்சுடறேன், கூப்பிடுறாங்க."

ஏழு இருபது என்று எழுதி எடுத்துக்கொண்டு, புதிதாக வந்திருப்பவரின் மேசைக்குப் போனேன். திருத்தம் போட வேண்டும் என்றேன். போன் செய்து கேட்டுக்கொள்வதாகச் சொன்னார். கல்லூரிக்கு எப்படிப் போவது என்று அவருக்கு வழி வரைந்து கொடுத்துவிட்டு வந்தேன்.