டீச்சரம்மா வீட்டு ஓட்டு

அன்பு மகள் நெவ்ராவுக்கு,

லைப்ஸிக்கில் குளிர் இறங்கிவிட்டதாகச் சொன்னாய், கம்பளிச் சட்டைகளைப் பெட்டிக்கு வெளியே எடுத்திருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவும் நானும் சுகம், என் முழங்கால் மட்டும் பள்ளிக்கூடப் படிகளில் முனகுகிறது. மழை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை, ஆனாலும் ஆலிவ் பறித்தாகிவிட்டது. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். ஆனால் நான் போனை எடுத்தாலே அப்பா கைவேலையை விட்டுவிட்டு, ஒன்றும் கேட்காதவர் போலப் பக்கத்து அறையில் வந்து நின்றுவிடுகிறார். என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியை தன் தங்கையைப் பார்க்க உன் ஊருக்கு வருகிறாள், அதனால் எழுதிக் கொடுத்தனுப்புகிறேன்.

தேர்தல் முடிவு உனக்கு எங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். இருந்தவர் போனார், தெற்கோடு பேச்சுவார்த்தை நடத்துவேன் என்கிறவர் வந்தார். தலைநகர் லெஃப்கோஷாவில் ஹார்ன் அடித்துக்கொண்டு கார்கள் ஊர்வலம் போனதாம். நம் ஊரில் ஒரு கார்கூடக் கிளம்பவில்லை. நம் ஊர் ஓட்டுப்பெட்டி எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். தீவு வடக்கு தெற்காகப் பிரிந்தபின் கருங்கடல் பக்கத்திலிருந்து ஒரே கப்பலில் வந்து இறங்கிய குடும்பங்கள், ஓட்டும் ஒரே பக்கம்தான், தெற்கோடு பேச்சே வேண்டாம் என்கிற பக்கம். ஒவ்வொரு தேர்தலிலும் பள்ளிக்கூட அறையில் எல்லார் முன்னாலும் சீட்டுகளைப் பிரித்துச் சத்தமாகப் படிக்கும்போது எதிர்ப்பக்கத்துக்கு ஒன்றே ஒன்று வரும், அது யாருடையது என்று குழந்தைக்கும் தெரியும். உன் பெரியப்பா ஹம்தி, ஊர்த்தலைவர், காபிக்கடைக்காரர் என்ற இரண்டு உரிமையிலும் முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "டீச்சரம்மா ஓட்டு வந்தாச்சு, இனி நிம்மதியா எண்ணலாம்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரித்துவிட்டு அடுத்த சீட்டை எடுப்பேன்.

பக்ரீத்துக்கு நீ பேசியது உனக்கு மறந்திருக்காது. அம்மா அப்பா இருவரும் இந்தத் தீவில் பிறந்தவர்களாக இருந்த உன் தோழிகளுக்கெல்லாம் எல்லைக்குத் தெற்கே உள்ள அரசாங்கத்தின், விசா தேவைப்படாத பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது, உனக்கு மட்டும் அப்பா கடல் தாண்டி வந்தவர் என்பதால் விண்ணப்பம் தூங்குகிறது, ஆண்டுதோறும் விசாவுக்கு வரிசையில் நிற்கிறாய். அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் நீ அவரிடம், "ஒவ்வொரு தடவையும் எனக்கு எதிராத்தான் ஓட்டுப் போடறீங்கப்பா" என்றாய். அவர், "மூணு வயசுல என்னைத் தூக்கிக் கப்பல்ல வச்சாங்க, என்னைக் கேட்டா வச்சாங்க?" என்று சொல்லிவிட்டுப் போனை என் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு இருவரும் என் வழியாகத்தான் ஒருவரையொருவர் நலம் விசாரிக்கிறீர்கள். உன் பேச்சு வந்தால் வேலைக்கு மின்கம்பத்தில் ஏறும்போது கட்டும் தோல் வாரை எடுத்து எண்ணெய் போட ஆரம்பித்துவிடுகிறார். அந்த வார் இதுவரை இவ்வளவு எண்ணெய் கண்டதில்லை.

இந்த முறையும் பெட்டிக்கு என்னைத்தான் பொறுப்பாகப் போட்டார்கள். எண்ணும்போது அப்பா வந்து கதவோரம் நின்றார். மாலையில் காபிக்கடைச் சீட்டாட்டத்தை விட்டு அவர் இதற்கெல்லாம் வருகிறவர் இல்லை. நான் ஒவ்வொன்றாகப் பிரித்து முத்திரை விழுந்த பெயரைப் படித்தேன். வழியில் முத்திரையே இல்லாத சீட்டு ஒன்று வந்தது, யாரோ கண் தெரியாத கிழவர் என்று அதற்கும் சிரித்தார்கள். பிறகு எதிர்ப்பக்கத்துச் சீட்டு ஒன்று வந்தது. ஹம்தி தன் வழக்கமான வசனத்தைச் சொன்னார். பெட்டி காலியாகும்வரை வேறு வரவில்லை. நான் தலையைத் தூக்கினால் அப்பா கணக்கு இடிக்கிறவர் போல என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். வீட்டுக்கு நடந்து வரும்போது வேலி முனை திரும்பியதும் மெதுவாகக் கேட்டார்.

"பெரிஹான், உன்னோட ஓட்டு எங்க போச்சு?"

முத்திரை இல்லாத சீட்டு என்னுடையது நெவ்ரா. தீவை ஒன்றாக்கலாமா என்று இரண்டு பக்கமும் வாக்கெடுப்பு வந்த வருடம் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, சேர்ந்து வாழ்வோம் என்று சதுக்கத்தில் நின்று கத்தியவள் நான், தெற்கே இருப்பவர்கள் வேண்டாம் என்று சொன்னதையும் கேட்டவள். அதற்குப் பிறகு எத்தனை பேச்சுவார்த்தை, எத்தனை கைகுலுக்கல். இந்த முறை மறைப்புக்குள் போனதும் முத்திரை குத்தக் கை வரவில்லை. ஆக அந்த ஒற்றை ஓட்டு அப்பாவுடையது. பெட்டியில் இரண்டு விழும், இரண்டாவது யார் என்று ஊர் தேடும், தேடினால் தேடட்டும் என்று துணிந்துதான் போட்டிருக்கிறார். நான் என்னுடையதைச் சொன்னதும் சிரித்தார், பல மாதங்களுக்குப் பிறகு. நல்லதாகப் போயிற்று, அது என்னுடையது என்றே ஊர் நினைக்கட்டும், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள் என்றேன். சரி என்றார்.

சரி என்றவர் மறுநாளே திறந்துவிட்டார். உன் பெரியம்மா மதில் மேல் எட்டி எனக்குச் சொன்னது இது. காபிக்கடையில், தேர்தலில் தோற்ற எரிச்சலில் ஹம்தி என்னைப் பற்றி ஆரம்பித்திருக்கிறார், ஊர்ச் சோற்றைத் தின்றுகொண்டு ஊருக்கே குழி பறிக்கிறாள் என்கிற மாதிரி. அப்பா கையிலிருந்த ஆட்டச் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அது அவளோடது இல்லண்ணே, என்னோடது" என்றாராம். ஹம்தி, "அப்போ இனி காபியும் அவங்க கடையில போய்க் குடி" என்றாராம். இந்த ஊரில் எதிர்ப்பக்கத்துக்குக் கடையே கிடையாது என்பது உனக்குத் தெரியும். அன்றிலிருந்து அப்பா முற்றத்தில் உட்கார்ந்து நான் போடும் காபியைக் குடிக்கிறார், நுரை சரியில்லை என்கிறார். அண்ணன் வருகிறாரா என்று தெருவைப் பார்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை. ஹம்தி கெட்டவர் இல்லை, மழை தொடங்குவதற்குள் வந்துவிடுவார் என்று நினைக்கிறேன், ஆனால் நான் நினைத்தது நடந்த தேர்தலும் இல்லை, சண்டையும் இல்லை.

புதியவர் வந்ததால் உன் பாஸ்போர்ட் வந்துவிடும் என்று நான் நம்பவில்லை, நீயும் நம்பி விசா வேலையைத் தள்ளிப்போடாதே, தேதி முடிவதற்குள் போய்ப் பதிந்துவிடு. பொட்டலத்தில் காய்ந்த ஹெலிம் பாலாடைக்கட்டி, சமைக்க மொலோஹியா கீரை, உடைத்த பச்சை ஆலிவ் எல்லாம் இருக்கின்றன. ஆலிவை அப்பாதான் கல்லில் வைத்து ஒவ்வொன்றாக உடைத்தார், கசப்பு இறங்கத் தினமும் தண்ணீர் மாற்றினார், உனக்குப் பிடிக்காது என்று பூண்டு போட விடவில்லை. எனக்கு வேண்டிக்கொள்ளத் தெரியாது, அவர் உனக்காகத் தொழுகையில் கேட்பதில் என் பங்கையும் சேர்த்துக்கொள், நோய் நொடி இல்லாமல் இரு, தனியாக இருக்கிறோம் என்று நினைக்காதே. ஒன்றை மட்டும் மறக்காதே. ஓட்டைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தையும் எடுக்காதே, நன்றியும் சொல்லாதே. ஆலிவில் கசப்பு போயிருக்கிறதா என்று அவருக்குத் தெரிய வேண்டும், அதைக் கூப்பிட்டுச் சொல், என் போனில் இல்லை, அவருடையதில். சாயங்காலமாகக் கூப்பிடு. சீட்டாட்ட நேரம்தான், ஆனால் இப்போது அவர் வீட்டில் இருக்கிறார்.

உன் அம்மா,
பெரிஹான்