கோபேக்குப் போன சரக்கு

பினாங்கு
18 செப்டம்பர் 1937

அல்லாஹ்வின் காவலில் இருக்கும் என் அண்ணன் ஆபித் பாஷா அவர்களுக்கு, தங்கை ஷஹீன் பானுவின் ஸலாம். பில்கிஸ் அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் துஆ.

நானும் உங்கள் மச்சானும் சுகம். மூன்று கடிதத்துக்கு ஒரு பதில் போடுகிற உங்கள் கஞ்சத்தனத்தைச் சொல்லி இவர் என்னைச் சீண்டாத நாளில்லை. "உங்கண்ணனுக்குத் தோல்ல எழுதித்தான் பழக்கம், காகிதம் ஆவாது" என்கிறார்.

நீங்கள் அனுப்பிய ஆட்டுத்தோல் பழுதில்லாமல் வந்தது. கடைப் பலகையில் இருக்கும் மாதுளம்பழப் படத்துக்குப் புதிதாகச் சிவப்பு பூசியிருக்கிறோம். நம் அத்தா பதனிட்ட தோலில் குத்தி வந்த அதே முத்திரை என்பதால் எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் ஆம்பூர் ஞாபகம். தெருவில் எல்லோரும் மாதுளைக் கடை என்றுதான் சொல்கிறார்கள். நம் தோலில் பூட்ஸ் சப்பாத்து தைக்கும் சீனக் கூட்டாளி லியோங் மட்டும் "பானு கடை" என்று சொல்லி இவரை வெறுப்பேற்றுவார்.

ஜப்பான் சீனாவுக்குள் பட்டாளத்தை இறக்கியதிலிருந்து இந்த ஊர் முகமே மாறிவிட்டது. ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்த இரண்டு கட்சிச் சீனர்களும் இப்போது ஒரே மேசையில் உட்கார்ந்து யுத்த நிதி வசூலிக்கிறார்கள். கொடி பிடித்தவனையெல்லாம் சிறையில் போட்ட வெள்ளைக்காரன், உண்டியலைப் பார்த்தும் பாராமல் போகிறான். ஜப்பான் துணி விற்ற ஒரு கடைக்காரருக்குக் காதை அறுத்துவிட்டார்கள். அவரும் சீனர்தான்.

மதராஸில் ஜப்பானின் கோபே ஊர்க் கம்பெனி ஒன்று தோல் வாங்குகிறது என்று இங்கே பேச்சு. நம் சரக்கு அந்தப் பக்கம் போகவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள் அண்ணா. எங்கள் உயிருக்கு அது வேண்டும்.

உங்கள் தங்கை
ஷஹீன் பானு

ஆம்பூர்
11 அக்டோபர் 1937

என் அருமைத் தங்கை பானுவுக்கு அண்ணன் ஆபித் பாஷாவின் ஸலாமும் அன்பும்.

கஞ்சன் எழுதுகிறேன். முனீர் மச்சானிடம் சொல், இது நல்ல கனமான காகிதம்.

நீ பயந்தது வீண். கோபே கம்பெனிக்கு என் தோல் ஷாப்பிலிருந்து ஒரு தோல்கூடப் போனதில்லை. இதை யாரிடம் வேண்டுமானாலும் படித்துக் காட்டு. ஆனால் ஒன்று சொல்கிறேன், லண்டனில் விலை விழுந்துகொண்டே போகிறது. பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் பாதித் தொட்டிகள் காய்ந்து கிடக்கின்றன. தோல் வாங்க வருகிறவனின் ஊரைக் கேட்டுக்கொண்டிருந்தால் தொழில் நடக்காது.

தோல் பதனிட ஆவாரம்பட்டை கொடுக்கும் கோதண்டராமன், அத்தாவின் பழைய தோஸ்த், காங்கிரஸ் ஆட்சிக்கு வந்ததிலிருந்து பெரிய மனிதராகிவிட்டார். சீனாவுக்காக இங்கேயும் கூட்டம் போடப் போகிறாராம். சீனாவை அவர் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

அண்ணன்
ஆபித் பாஷா

பினாங்கு
9 ஜனவரி 1938

அன்பு அண்ணனுக்கு, பானுவின் ஸலாம்.

உங்கள் கடிதம் எங்களைக் காப்பாற்றியது. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

இங்கிருந்து கிழக்கே ஜப்பான்காரனின் இரும்புச் சுரங்கத்தில் வேலை செய்த சீனர்கள் கூட்டமாக வெளியேறிவிட்டார்கள். அந்த இடத்துக்குத் தமிழாட்களைப் பிடிக்கிறார்கள். வயிற்றுப்பாட்டுக்குப் போகிறான் நம்மாள், அதனால் தெருவில் தமிழ் பேசுகிற எல்லோரையும் சீனர்கள் முறைக்கிறார்கள். நேற்றுவரை என்னிடம் முட்டை விற்ற கிழவி இன்று கூடையை மூடிக்கொள்கிறாள்.

போன வாரம் லியோங்கின் சீனக் குலச் சங்கத்தில் எங்கள் கடையைப் பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. உங்கள் மச்சான் உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு வரியாக மலாய் மொழியில் சொல்லியிருக்கிறார். காகிதத்தை யார் நம்புவது? லியோங் எழுந்து போய், அவர்கள் வழக்கப்படி சேவலின் தலையை வெட்டி, "மாதுளைக் கடைத் தோல் ஜப்பானுக்குப் போனால் என்னைத் தண்டியுங்கள்" என்று சத்தியம் செய்துவிட்டு வந்தாராம். ஜப்பான்காரன் பிடித்துக்கொண்ட நான்கிங்கில் அச்சுக்கூடத்தில் வேலை பார்த்த அவருடைய தம்பியிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. அங்கிருந்து வருகிற செய்திகளை நான் எழுத மாட்டேன். அந்த நிலையிலும் அவர் நமக்காக நின்றார்.

அண்ணா, அவருடைய சத்தியம் இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

தங்கை
ஷஹீன் பானு

ஆம்பூர்
26 பிப்ரவரி 1938

தங்கை பானுவுக்கு ஸலாம்.

இதை எழுத மூன்று தடவை உட்கார்ந்து எழுந்தேன். நீ கோபிப்பாய். கோபித்துக்கொள், ஆனால் முழுக்கப் படி.

கோதண்டராமன் சீனக் கூட்டம் போட்டார். நான் போகவில்லை. மறுநாள் ஷாப்பு வாசலில் வந்து நின்று, "இன்னா பாஷா, உங்க ஆளுங்க ஜப்பான்காரனுக்குத் தோல் குடுக்கறாங்களாமே? நாளைக்கு நீயும் குடுப்பே. என் பட்டை இனிமே உன் தொட்டியில எறங்காது" என்றார். நான் செய்யாத குற்றத்துக்கு! பட்டை இல்லாமல் ஊறின தோல் அழுகத் தொடங்கியது. அப்போதுதான் முஸ்லிம் லீக்காரர்கள் வந்தார்கள். "காங்கிரஸ்காரன் கைவிட்டா நாங்க இருக்கோம் பாய்" என்று திருப்பத்தூரிலிருந்து பட்டை வண்டிகளை வரவழைத்தார்கள். அவர்களோடு வந்தவர்தான் மதராஸ் பெரியமேட்டுத் தோல் தரகர் சர்தார் பாஷா. சந்தை வழக்கப்படி துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசினோம். கையை எடுத்த பிறகுதான் சரக்கு கோபேக்கு என்று சொன்னார்.

துண்டுக்குள் கொடுத்த கையை மாற்றினால் இந்தச் சீமையில் எனக்கு யார் தோல் கொடுப்பான்? அத்தா ஒரு நாளும் மாற்றியதில்லை. முத்திரை குத்தாமலாவது அனுப்பலாம் என்று நினைத்தேன். குத்தாத தோலைத் திருட்டுத் தோல் என்பார்கள், மனசு வரவில்லை. கட்டுகளின் மேலும் மாதுளையை எழுதித்தான் அனுப்பினேன். மதராஸிலிருந்து நேராக ஜப்பான் போகிற கப்பல். உன் ஊர்க்காரர்கள் கண்ணில் படாது. இந்த ஒரு தடவைதான்.

அண்ணன்
ஆபித்

பினாங்கு
20 மார்ச் 1938

அண்ணனுக்கு.

கப்பல் நேராகப் போகவில்லை. உங்கள் கடிதம் என் கைக்கு வந்த அதே வாரம் சரக்கும் இங்கே வந்தது. பினாங்குத் துறையில் இறக்கி ஜப்பான் கப்பலுக்கு மாற்றுவார்களாம். அந்தக் கப்பலுக்கு மூட்டை தூக்க மாட்டோம் என்று சீனக் கூலிகள் நின்றுவிட்டதால் கட்டுகள் துறைமேடையில் வெயிலில் கிடந்தன. ஒவ்வொரு கட்டின் மேலும் மாதுளை. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது.

உங்கள் மச்சான் கடையைப் பூட்டிவிட்டு என்னைப் பின்கட்டில் உட்காரவைத்தார். எங்களைத் தேடி வருவார்கள் என்று காத்திருந்தோம். யாரும் வரவில்லை. சத்தியம் செய்தவர் லியோங் அல்லவா? அவரைத்தான் கூட்டிப்போயிருக்கிறார்கள். சாயங்காலம் அவர் மனைவி மெய் எங்கள் கதவைத் தட்டாமல் தெருவிலேயே நின்று அலறினாள். லியோங்குக்கு வலது காது அடியோடு இல்லை.

நான் கட்டுப்போடத் துணி கிழித்துக்கொண்டு ஓடினேன். மெய் என் கையைத் தட்டிவிட்டாள். லியோங் என்னை ஏறிட்டுப் பார்த்து, மலாயில், "உன் அண்ணன் கடிதம் பொய்யா?" என்று கேட்டார். எழுதியபோது பொய் இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

எனக்கு உங்கள் மேல் எரிச்சல் இல்லை, வெறுப்பு வருகிறது. இதை எழுதும் கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

பானு

ஆம்பூர்
14 ஏப்ரல் 1938

என் கண்ணே பானு,

என் காதை அறுத்திருக்கலாம். பில்கிஸுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்ட என்னால் முடியவில்லை. அந்த மனிதரின் வைத்தியத்துக்கு எது வேண்டுமானாலும் அனுப்புகிறேன். அவர் காலில் விழச் சொன்னாலும் விழுவேன்.

காங்கிரஸ்காரனுக்குப் பணியாதவன் என்று இங்கே லீக் கூட்டத்தில் எனக்கு மாலை போட்டார்கள். கோதண்டராமன் வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எந்தப் பக்கமும் என் பக்கம் இல்லை. கோபேக்காரன் இன்னும் கேட்கிறான், மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இப்போது சொல்லி என்ன.

நீயும் முனீரும் கடையை விட்டுவிட்டு வந்துவிடுங்கள். இந்த வீட்டில் பாதி உன்னுடையது. கோபம் தீர என்னைத் திட்டு, அடி, ஆனால் வந்துவிடு.

உன் அண்ணன்
ஆபித்

பினாங்கு
29 மே 1938

அண்ணா,

நாங்கள் வரவில்லை. வந்துவிட்டால், காது போன மனிதரைத் தனியே விட்டு ஓடினோம் என்றாகும். கூட்டாளியைக் கைவிட மாட்டேன் என்று உங்கள் மச்சான் சொல்லிவிட்டார், நானும் அதையே சொன்னேன்.

கடையைத் திறக்கச் சங்கம் ஒரு நிபந்தனை வைத்தது. தோல் என் அத்தா வீட்டுத் தோல். அதனால் மாப்பிள்ளை சொன்னால் போதாது, நான் நேரில் வந்து உறவை அறுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். போன வெள்ளிக்கிழமை துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அந்த மண்டபத்துக்குப் போனேன். மண்டபம் நிறைய ஆண்கள். நான் மலாயில் சொல்வதைச் சீனத்தில் சொல்ல லியோங் பக்கத்தில் நின்றார், தலையில் இன்னும் கட்டு. என்னைக் கூட்டிப்போகும்போதே, "பிடிக்காவிட்டால் சொல்லாதே, நான் வேறு ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன்" என்றார். இன்னொரு பொய்ச் சத்தியத்துக்கு அவரிடம் ஒரு காதுதான் இருக்கிறது. நானே சொல்கிறேன் என்றேன்.

ஆம்பூர் ஆபித் பாஷா எனக்கு யாரும் இல்லை, அவர் செத்தாலும் நான் போக மாட்டேன், என் சாவுக்கும் அவர் வரக்கூடாது என்று சொன்னேன். அவர்கள் எழுதிக்கொடுத்த வார்த்தைகள்தான்.

இனி கடிதம் போடாதீர்கள். தபால்காரன் கையில் ஆம்பூர் உறையைப் பார்த்தால் கேட்பார்கள். அண்ணிக்கு என் ஸலாம் சொல்லுங்கள், பிள்ளைகளிடம் அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லுங்கள்.

நான் முதலில் சொன்னபோது குரலே எழும்பவில்லை. பின்வரிசையில் கேட்கவில்லை, மறுபடி சொல் என்றார்கள். இரண்டாவது தடவை சுலபமாக வந்துவிட்டது அண்ணா.

ஷஹீன் பானு
முனீர் அகமதுவின் மனைவி